வரிசையின் ஓரத்து ஆள்

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டால் எப்போது விடுவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு சரக்கு வண்டி போகும். அதன் பின்னால் இன்ஜின் மட்டும் தனியாக ஒன்று வரும். பிறகு எதுவுமே வராது, கேட் மட்டும் மூடியே கிடக்கும். ஊர்க்காரர்கள் வண்டியை அணைத்துவிட்டு இறங்கிக் கடலை வாங்கித் தின்பார்கள். பரிதிக்கு அந்தப் பொறுமை ஒருநாளும் இருந்ததில்லை. திருச்சி விமான நிலையத்திலிருந்து வருகிற வழியெல்லாம், சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளியும், அவன் முழங்கால் காரின் முன்பலகையில் இடித்துக்கொண்டே இருந்தது. ஆறரை அடி உடம்பு. அந்தக் கால் இப்போது நிற்காமல் ஆடியது. ஸ்டீயரிங்கில் கை வைத்திருந்த குந்தவை பார்த்தும் பார்க்காதவள் போல இருந்தாள். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் கணவனோடு அவள் சேர்ந்தாற்போல் இருந்த நாட்கள் குறைவு. வந்த முதல் நாளே எதையும் கேட்க வேண்டாம் என்று நினைத்திருந்தாள்.

கேட்டுக்கு அந்தப் பக்கம், டீக்கடைக் கூரைக்கு மேலே, அவனே நின்றுகொண்டிருந்தான். பெரிய பேனர். ஹெல்மெட்டும் தோள்கட்டையும் மாட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் தூக்கி, அந்தரத்தில் பந்தைப் பிடித்தபடி. ‘அமெரிக்காவில் டச்டவுன் அடித்த டெல்டாவின் சிங்கமே!’ என்று மேலே எழுதியிருந்தது. கீழே கபடிக் குழுக்காரர்களின் முகங்கள் சின்னச் சின்ன வட்டங்களில் இருந்தன. நடுவில் குழுத்தலைவன் செம்மொழி, கறுப்புக் கண்ணாடியோடு.

“இது எப்ப வச்சது?”

“போன தையில. போட்டோ அனுப்பினேனே.”

“இவ்ளோ பெருசுன்னு தெரியல.” கொஞ்ச நேரம் பேனரையே பார்த்தான். வேறெங்கும் பார்க்கவும் வழியில்லை. “குந்தவை, அது கணக்குல இல்ல.”

“எது?”

“அந்த டச்டவுன். எல்லைக்கோட்டுக்கு உள்ள பந்த நான் புடிச்சது நெசம். ஆனா எங்க ஆளு ஒருத்தன் அந்தப் பக்கம் எதிராளி சட்டையப் புடிச்சு இழுத்துட்டான். அம்பயர் கொடி போட்டுட்டார். எல்லாம் ரத்து. திரும்ப முதல்லேருந்து ஆடுன்னுட்டாங்க. என் பேருக்கு நேரா டச்டவுன் ஒண்ணும் கெடையாது.”

அந்த வீடியோவைக் குந்தவை எத்தனையோ தடவை பார்த்திருந்தாள். அவன் பந்தோடு தரையில் விழுந்து எழுவதோடு அது முடிந்துவிடும்.

“அப்பவே ஏன்டா சொல்லல?”

“நீ அழுதுகிட்டே போன் பண்ண. அப்பா மிட்டாய் வாங்கக் கடைக்குப் போயிட்டார்னு சொன்ன. அதுக்கு மேல எப்படிச் சொல்றது?” கால் இன்னும் வேகமாக ஆடியது. “இன்னொண்ணு. நான் லீவுல வரல.”

“அது தெரியும். விளையாட்டு ஆரம்பிக்கிறதே செப்டம்பர்ல. செப்டம்பர்ல எவனுக்குடா லீவு?”

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அதற்குள் கேட்டைத் தூக்கிவிட்டார்கள். பின்னால் நின்ற பஸ்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை.

பரிதியின் அப்பா தங்கையன், அம்மா அம்சம் இருவரும் ஊராருடைய வயலில் நாற்றுப் பறித்து வளர்ந்தவர்கள். இப்போது வெண்ணாற்றங்கரைக்குக் கீழே சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்து உழுகிறார்கள். பிள்ளை உயரத்தைப் பார்த்துப் பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியார்தான் தஞ்சாவூர் விளையாட்டு விடுதிக்கு அனுப்பினார். அங்கே கூடைப்பந்து. குந்தவையும் அந்த மைதானத்துக்காரிதான். அவள் பந்தைக் கொடுப்பவள், அவன் வாங்கிப் போடுபவன். அவள் பொறியியல் முடித்து, பரீட்சை எழுதி, நீர்வளத் துறையில் உதவிப் பொறியாளராகி, வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பில் எந்த ஆற்றுக்கு எவ்வளவு தண்ணீர் திறப்பது என்று பார்க்கிற வேலைக்கு வந்துவிட்டாள். அவன் ஆடிக்கொண்டே இருந்தான். பிறகு அமெரிக்கக் கால்பந்துக்கு வெளிநாட்டு ஆட்களைத் தேடுகிறோம் என்று ஒரு கூட்டம் சென்னைக்கு வந்தது. ஓடச் சொன்னார்கள், தாண்டச் சொன்னார்கள், கையை விரித்து அளந்தார்கள். இவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அங்கே அவனுக்குக் கொடுத்த இடத்துக்கு டைட் எண்ட் என்று பேர். எதிராளியை முட்டித் தள்ளுகிற தடித்த ஆட்களின் வரிசையில் கடைசி ஆள். பெரும்பாலும் அவனும் முட்டித் தள்ள வேண்டும். எப்போதாவது வரிசையை விட்டு ஓடிப்போய்ப் பந்தையும் பிடிக்க வேண்டும். தங்கையன் ஊரில் கேட்பவர்களுக்கு அதை இப்படிச் சொல்வார்: “கபடியில புடிக்கிறவனும் அவன்தான், சில நேரம் பாடிப் போறவனும் அவன்தான். ரெண்டு வேலை.”

மூன்று வருஷத்தில் பரிதி பெரும்பாலும் பயிற்சிக் குழுவில்தான் இருந்தான். வாரம் முழுக்க அடிபடுவான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் இறக்கமாட்டார்கள். யாருக்காவது கால் போனால் இறக்குவார்கள், அவன் குணமானதும் திரும்ப வெளியே. ஒரு ஊரில் வீடு பிடிப்பதற்குள் இன்னொரு ஊருக்கு மாற்றுவார்கள். இந்த ஆகஸ்டில், ஆட்டங்கள் தொடங்கும் முன் ஆட்களைக் குறைத்தபோது, அவன் லாக்கர் மேலிருந்த பெயரைக் கழற்றிவிட்டார்கள். அவனுக்காக அங்கே பேசுகிற ஏஜென்ட் உபைதுல்லா. கூத்தாநல்லூர்க் குடும்பம், ஹூஸ்டனில் வக்கீல். “ஊருக்குப் போயிட்டு வாங்க தம்பி. உடம்ப மட்டும் அப்படியே வச்சுக்குங்க. சீசன் நடுவுல யாருக்காவது அடிபடும், கூப்பிடுவாங்க” என்று அனுப்பிவைத்தார்.

யாருக்காவது அடிபடும். அதற்காகத்தான் அவன் காத்திருந்தான். அதைச் சொல்லிக் காத்திருக்க அவனுக்கே கூச்சமாக இருந்தது.

குறுவை அறுப்பு நேரம். விடிந்ததும் வெண்ணாற்றங்கரையில் ஓடினான். ஓடி முடித்து, நின்றுபோன டிராக்டரைத் தோளால் முட்டித் தள்ளினான். வேலைக்குக் கிளம்பும் முன் குந்தவை கரையில் நின்று அவனுக்குப் பந்து எறிவாள். கூடைப்பந்துக் கை. அந்த முட்டை வடிவப் பந்தையும் சுழற்றி எறியப் பழகிவிட்டாள். அவன் இடுப்பில் பிளாஸ்டிக் உறைக்குள் போன் இருக்கும். ஒவ்வொரு பந்தைப் பிடித்ததும் ஒரு தடவை அதைத் தொட்டுப் பார்ப்பான்.

“உன் புள்ள என்ன, நின்னுகிட்டே திங்கிறான்?” என்று தங்கையன் மனைவியிடம் கேட்டார். ரோட்டில் காயப்போட்ட நெல்லைக் கிளறிவிடச் சொன்னால், கிளறி முடித்து, திரும்பவும் முதலிலிருந்து கிளறினான். அம்சம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு மருமகளிடம் தணிந்த குரலில் கேட்டாள்.

“ஏம்மா, அங்க எதாச்சும் ஆயிடுச்சா? எங்ககிட்ட சொல்ல மாட்டேங்கிறானே.”

“வேலை போயிடுச்சு அத்தை. திரும்பக் கூப்பிடுவாங்கன்னு பாக்குறாரு.”

“அவ்ளோதானா? உசுருக்கு ஒண்ணும் இல்லையே?”

“இல்லைங்க அத்தை.”

“அப்ப உக்காந்து சாப்பிட வேண்டியதுதானே” என்றாள் அம்சம். அவள் கவலை அதோடு தீர்ந்துவிட்டது. குந்தவைக்குத் தீரவில்லை.

சாயங்காலமானால் ஹூஸ்டனில் விடியும். உபைதுல்லா கூப்பிடும் நேரம் அதுதான். ஒரு நாள் “ஒரு டீம்ல பேசியிருக்கேன்” என்பார். மறுநாள் “அவங்க வேற ஆளப் பாத்துட்டாங்க” என்பார். சில நாள் கூப்பிடவே மாட்டார். அதுதான் மோசம். பரிதி முற்றத்துக்கும் தெருவுக்குமாக நடப்பான். குந்தவைக்கும் அதே நேரத்தில் போன் வந்தபடி இருக்கும். பாமணியாற்றில் தண்ணீர் ஏறவில்லை, கோரையாற்றில் ஷட்டர் சிக்கிக்கொண்டது, மதகு திறக்கிற லஸ்கர் லீவு. அவள் போன் அடிக்கும்போதெல்லாம் அவன் திரும்பிப் பார்ப்பான். தன்னுடையது இல்லை என்று தெரிந்தும் பார்ப்பான். பத்து நாளில் அவளுக்கும் அந்த வியாதி தொற்றிக்கொண்டது. ஆபீசில் யார் போன் அடித்தாலும் திடுக்கென்று நிமிர்ந்தாள்.

ஆயுத பூஜைக்குப் பேராவூரணிப் பக்கம் ஒரு கபடிப் போட்டி. செம்மொழி வீட்டுக்கே வந்து நின்றான். சின்ன வயதிலிருந்து பரிதியின் கூட்டாளி. இப்போது நெல் அறுக்கிற மெஷின் வைத்து ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பவன்.

“ஒரே ஒரு மேட்ச்சு மாப்ள. எங்க மூலைக்காரனுக்குக் கல்யாணம். நீ சும்மா வந்து கோட்டுல நின்னாப் போதும். உன் பேரச் சொன்னாலே அவனுவ பாதி செத்துருவானுவ.”

“நான் ஆடக் கூடாதுடா.”

“டீமே இல்லங்கிற. யாரு உன்னைக் கேக்கப் போறா?”

செம்மொழி போன பிறகு குந்தவை சொன்னாள், “போகாத. ஒரு கட்டைவிரல் பிசகினாலும் அத்தோட முடிஞ்சுது.”

“கொஞ்ச நேரம் ஆடலன்னா எனக்குப் பைத்தியம் புடிச்சிடும் குந்தவை.”

“புடிக்கட்டும். பைத்தியத்துக்கு மாத்திரை இருக்கு.”

அவன் சிரித்தான். ஆனாலும் போனான். அவளும் கூடவே போனாள். தடுக்க முடியாது என்று தெரிந்த பிறகு வீட்டில் இருந்து மட்டும் என்ன செய்வது?

தென்னந்தோப்புக்கு நடுவே மண்ணை நனைத்து மைதானம் போட்டிருந்தார்கள். கோட்டுக்குள் கால் வைத்ததும் அவன் முகம் மாறியதைக் குந்தவை பார்த்தாள். வந்ததிலிருந்து இருந்த அந்தத் தவிப்பு காணாமல் போயிருந்தது. மூலையில் குனிந்து, கைகளைத் தளர்த்தித் தொங்கவிட்டு, அசையாமல் நின்றான். பாடி வந்த ஒருவனை இடுப்போடு சேர்த்துத் தூக்கி நிறுத்தினான். அடுத்தவனைக் கால் தடுக்கி விழவைத்தான். சனம் ஆரவாரம் செய்தது. கடைசி நிமிஷங்களில் ஒல்லியாக ஒருவன் பாடிவந்து, இவன் பிடியிலிருந்து நழுவி வெளிக்கோட்டுக்குப் பாய்ந்தான். பரிதியின் வலக்கை மோதிரவிரல் அவன் பனியனில் சிக்கியிருந்தது. பாய்ந்தவன் விரலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனான்.

வலி பெரிதாக இல்லை என்றான். ஆனால் விரல் நுனி மடங்கவில்லை. மற்ற விரல்களை மடக்கினால் அது மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நின்றது.

மறுநாள் தஞ்சாவூரில் எலும்பு டாக்டர் அந்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எலும்பு முறியல. விரல மடக்குற நரம்பு நுனியிலேருந்து பிஞ்சு உள்ள போயிடுச்சு. ஒரு வாரம், பத்து நாளுக்குள்ள ஆபரேஷன் பண்ணி இழுத்துக் கட்டினா மடங்கும். தள்ளிப்போட்டா நுனி மடங்காது. ஆபரேஷன் பண்ணா மூணு மாசம் எதையும் புடிக்கக் கூடாது.”

“மூணு மாசத்துல சீசன் முடிஞ்சிடும் டாக்டர்.”

“என்ன சீசன்?” என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி வாசலில் காரை எடுக்கும்போதுதான் போன் அடித்தது. உபைதுல்லா. அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். ஸ்பீக்கரில் அவர் குரல் துள்ளியது. “தம்பி, வந்துடுச்சு! ரெண்டு டைட் எண்டுக்கு ஒரே நாள்ல அடி. செவ்வாய்க்கிழமை வந்து ஓடிக் காட்டச் சொல்றாங்க. டிக்கெட் அவங்களே போடுறாங்க. உடம்பு எப்படி இருக்கு?”

பரிதி குந்தவையைப் பார்த்தான். குந்தவை சாலையைப் பார்த்தாள்.

“நல்லா இருக்கு பாய்” என்றான்.

அம்மாப்பேட்டை தாண்டியதும் வண்டியை ஓரமாக நிறுத்தினாள்.

“பொய் சொல்லிட்டுப் போறியா?”

“விரல் நுனிதானே.”

“பந்து புடிக்கிறவனுக்கு விரல் நுனிதான் எல்லாம். எனக்கே பாடம் எடுக்காத. இன்னும் அம்பது வருஷம் அந்தக் கையிலதான் சோறு அள்ளணும்.”

“இந்தத் தடவ போகலன்னா இனிமே கூப்பிட மாட்டாங்க. எனக்கு முப்பது ஆகப் போவுது.”

“கூப்பிடலன்னா என்ன?”

“என்னன்னு தெரியலயே. அதான் பயமா இருக்கு” என்றான்.

இருபக்கமும் அறுத்த வயல்களில் வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவளுக்கு அவன் மேல் வந்த கோபம் அப்படியே இருந்தது. ஆனால் அதை வைத்துக்கொண்டு அவனை வீட்டில் கட்டிப்போட முடியாது என்பதும் புரிந்தது.

“போ. ஆனா மறைச்சுட்டுப் போகக் கூடாது. அங்க டாக்டர்கிட்ட விரலக் காட்டு. அவங்க வேணாம்னா திரும்பி வந்து ஆபரேஷன் பண்ணிக்க. சரியா?”

“சரி” என்றான். சொன்ன வாக்கையும் காப்பாற்றினான்.

செவ்வாய்க்கிழமை முடிந்து, இங்கே புதன் காலையில், மூணாறு தலைப்பில் மழைக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றவளுக்குப் போன் வந்தது.

“எடுத்துட்டாங்க. சீசன் முடியற வரைக்கும்.”

“விரலக் காட்டினியா?”

“காட்டினேன். மடக்குன்னார். மடங்கலன்னேன். தோள்ல வலி இருக்கான்னு கேட்டார். இல்லன்னேன். கால்ல? இல்ல. சரி, போன்னுட்டார். விரலப் பத்தி அதுக்கப்புறம் ஒண்ணுமே கேக்கல குந்தவை. பக்கத்து விரலோட சேத்து டேப் போட்டு விட்டாங்க. முட்டித் தள்ளத்தான் ஆள் வேணுமாம்.”

அவன் சந்தோஷமாகத்தான் சொன்னான். அந்தக் கடைசி வார்த்தைகளில் மட்டும் குரல் எங்கேயோ இடறியது. அவள் கேட்டுக்கொள்ளாதது போல் இருந்துவிட்டாள்.

ஐப்பசி, கார்த்திகை முழுக்க அவளுக்கு வெள்ளப் பணி. கரை உடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்நேரமும் ஜீப்பில் இருந்தாள். ஆட்டங்களை மறுநாள் போனில் துண்டு துண்டாகப் பார்த்தாள். கேமரா எப்போதும் பந்தின் பின்னால் ஓடியது. பரிதி திரையின் ஓரத்தில் தெரிவான், அடுத்த கணம் இல்லை. மார்கழியில் மழை விட்டதும் லீவு எழுதிக் கொடுத்தாள். விசா முந்தின வருஷமே எடுத்துவைத்தது, ஒரு தடவைகூடப் பயன்படவில்லை. சீசனின் கடைசி ஆட்டத்துக்கு முதல்நாள் போய் இறங்கினாள்.

அப்படியொரு குளிரை அவள் அறிந்ததில்லை. அவனுடைய இரண்டு கோட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, பெரிய மைதானத்தின் படிகளில் தெரியாத சனத்துக்கு நடுவே உட்கார்ந்தாள். ஆட்டம் தொடங்கியதும் ஒரு முடிவுக்கு வந்தாள். பந்தைப் பார்ப்பதில்லை. அவனை மட்டும் பார்ப்பது.

ஒவ்வொரு தடவையும் வரிசையின் ஓரத்தில் ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிவான். அடுத்த நொடி எதிரே நிற்கிற மலை மாதிரி ஆளோடு மோதுவான். மேலே ரெண்டு பேர் விழுவார்கள். அடியிலிருந்து எழுந்து, ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு, திரும்பப் போய்க் குனிவான். ஒரு தடவை எழ நேரமானது. அவள் எழுந்து நின்றுவிட்டாள். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொல்லிக் கத்தினார்கள். அவன் எழுந்தான்.

ஆட்டம் முடியும் தறுவாயில் அவனுக்கே பந்து வந்தது. வரிசையை விட்டு நழுவி ஓடினான், பக்கத்தில் ஒருவருமில்லை. கிட்டத்திலிருந்து எறிந்த பந்து, வெண்ணாற்றங்கரையில் அவள் எறிந்ததையெல்லாம் விடச் சுலபமானது. வலக்கையில் பட்டு, அந்த நீட்டிய விரலைத் தட்டிவிட்டு நழுவிக் கீழே விழுந்தது. மைதானம் முழுக்க ‘ஊ’ என்று ஒரு சத்தம் எழுந்தது. இத்தனை ஆயிரம் பேர் சேர்ந்து தன் புருஷனைப் பார்த்துக் கத்துவதை அவள் முதல்முறையாகக் கேட்டாள். முகத்தைக் கோட்டுக்குள் புதைத்துக்கொள்ள நினைத்தாள். ஆனால் அவன் அதற்குள் திரும்பிப் போய்க் குனிந்துவிட்டான். அடுத்த மோதலில் எதிரே நின்றவனை நெஞ்சோடு முட்டிக்கொண்டு பின்னாலேயே தள்ளிப் போனான். திறந்த அந்த வழியில் இவர்கள் ஆள் ஒருவன் பந்தோடு ஓடினான். சனம் ஓடியவனைப் பார்த்து எழுந்தது. பரிதி அந்த மலை மேலேயே விழுந்து கிடந்தான்.

ஆட்டத்தில் தோற்றார்கள். வெளியே வரும்போது அவன் இடிந்துபோய் வருவான் என்று பயந்துகொண்டு நின்றாள். அவன் பசிக்கிறது என்றான். ஒரு கடையில் உட்கார்ந்து ரெண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டான். பந்து விழுந்ததைப் பற்றி அவனே பேசினான். “விட்டுட்டேன். அந்த விரல் இல்லன்னாக்கூடப் புடிச்சிருப்பேன் போல. நீட்டிகிட்டு நிக்குது சனியன்.” பிறகு அடித்துப் போட்டாற்போல் தூங்கினான். அவ்வளவு நிம்மதியாக அவன் தூங்கி அவள் பார்த்ததே இல்லை.

மறுநாள் எல்லோரும் லாக்கரைக் காலி செய்து பெரிய குப்பைப் பைகளில் துணிமணிகளை அள்ளிக்கொண்டு வந்தார்கள். கோச் கை குலுக்கி, பேசுவோம் என்றாராம். அவ்வளவுதான். அறைக்கு வந்தான். போனை மேஜை மேல் திரை தெரிய வைத்தான். எதிரே உட்கார்ந்தான். கால் ஆடத் தொடங்கியது.

குந்தவை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை மோதலையும் நேரில் பார்த்துவிட்டு வந்தவளுக்கு இந்தக் காட்சிதான் தாங்க முடியாததாக இருந்தது.

“பரிதி, அடிபடறப்ப நீ நல்லாத்தான் இருக்க. இந்தப் போன் பக்கத்துல இருந்தாத்தான் உனக்கு உடம்புக்கு ஆகல.”

“என்ன பண்ணச் சொல்ற?”

“அத என்கிட்ட குடு. பாய் இனிமே எனக்குக் கூப்பிடட்டும். பேசிகிட்டிருக்கோம், பாக்குறோம், மாட்டேனுட்டாங்க, இந்தக் கதையெல்லாம் நான் கேட்டுக்குறேன். டிக்கெட் போட்டாச்சுன்னா மட்டும் உன்கிட்ட சொல்றேன். நாள் முழுக்கத் தண்ணி வருமா வராதான்னு கேக்குறவங்களுக்குப் பதில் சொல்றவதானே நான்.”

“அப்ப நான் என்ன பண்றது?”

“எதையாச்சும் பண்ணு. காத்துகிட்டு மட்டும் இருக்காத.”

அவன் சிரித்துப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. போனை எடுத்து, உபைதுல்லாவின் எண்ணைக் கூப்பிட்டு, அவள் கையிலேயே கொடுத்தான்.

அப்படித்தான் அடுத்த சில வருஷங்கள் போயின. அவன் செம்மொழியோடு சேர்ந்து அறுவடை மெஷின் ஓட்டப் போனான். ஓரிடத்தில் உட்காராத வேலை. டெல்டாவில் முடித்தால் ஆரணி, அங்கே முடித்தால் ஆந்திரா. உபைதுல்லா வாரத்தில் பல தடவை குந்தவையைக் கூப்பிடுவார். அவள் ஷட்டர் மேட்டில் நின்று “சரிங்க பாய், சொல்லுங்க பாய்” என்று கேட்டுக்கொள்வாள். உள்ளே கிடந்து தவிப்பாள், அவனிடம் சொல்லமாட்டாள். ரெண்டு தடவை டிக்கெட் வந்தது. ரெண்டு தடவையும் சேறு காயாத காலோடு வயலிலிருந்து கிளம்பிப் போனான். வரிசையின் ஓரத்தில் நின்று முட்டித் தள்ளினான். பந்து ஒன்றிரண்டு பிடித்தான். பெரிதாக யாரும் பேசவில்லை. சீசன் முடிந்ததும் திரும்பி வந்தான். ரெண்டாம் தடவை வந்தபோது கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்த்துத் திரும்பினான். கேட்டதற்கு, சுளுக்கு என்றான்.

இந்த மாசியில் குந்தவைக்குப் பேராவூரணிக்கு மாற்றல். சம்பா அறுப்பின் கடைசி வயல்களில் பரிதியும் அந்தப் பக்கமே மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். காலை வெயில் ஏறும் முன்னே உபைதுல்லா கூப்பிட்டார். குரலில் பழைய துள்ளல்.

“ஒரு டீம் கேக்குறாங்கம்மா. ஒரு வருஷ ஒப்பந்தம். நிச்சயமான இடம். இன்னிக்கே பதில் வேணுமாம். தம்பிக்கு அதிர்ஷ்டம்தான்.”

இதை அவளே வைத்துக்கொள்ள முடியாது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தென்னந்தோப்புகளைத் தாண்டி வயலுக்குப் போனாள். மெஷின் தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. வரப்பில் அவளைப் பார்த்ததும் நிறுத்தி, இன்ஜினை அணைத்தான். சொன்னாள். கூட்டாமல் குறைக்காமல், பாய் சொன்னது போலவே சொன்னாள்.

அவன் கேட்டுக்கொண்டு மேலேயே உட்கார்ந்திருந்தான். தலைத்துண்டை அவிழ்த்துக் கழுத்தைத் துடைத்தான்.

“நீ என்ன சொல்ற?”

“நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். உன் கழுத்து.”

துண்டைத் திரும்பக் கட்டிக்கொண்டு, “வேணாம்னு சொல்லிடு” என்றான்.

“நெசமாவா?”

“சொல்லிடு.” இன்ஜினைக் கிளப்பினான். பாதி வயல் போனவன் நிறுத்தி இறங்கி, அறுத்த நெல்தாளில் நடந்து அவளிடம் வந்தான். “சொல்லிட்டியா?”

“இன்னும் இல்ல.”

“நல்ல டீமா?”

“நல்ல டீம்தானாம்.”

அவன் வரப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தான். திரும்பி வந்தான். மறுபடியும் நடந்தான். பக்கத்து வயல்காரர் மெஷின் ரிப்பேரா என்று கேட்டார். இல்லை என்று கையை ஆட்டினான்.

“சொல்லிடு குந்தவை.”

“இப்படி நடந்துகிட்டே சொன்னா நான் எப்படி நம்புறது?”

“நான் எப்பவும் இப்படித்தான் இருப்பேன். அதுக்காகப் பாத்துகிட்டு நிக்காத. போடு போன” என்றான்.

அவன் முன்னாலேயே எண்ணை அழுத்தினாள். மணி அடிக்கத் தொடங்கியது. உபைதுல்லா எடுக்கும் வரை அவன் அங்கேயே, அவளுக்குப் பக்கத்தில் நின்றான். அவள் வேண்டாம் என்று சொல்லி முடித்ததையும் கேட்டான். பிறகு போய் மெஷின் மேல் ஏறினான்.